திரையில் ஒரு கடை, தெருவில் ஒரு கடை: டர்பன் குடும்ப உணவகங்கள் செய்யும் விளம்பரத் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் உணவகங்கள் பெரும்பாலும் ஒரே விதமாக வளர்ந்தவை. பாட்டியின் மசாலாவை நம்பி முதல் கடை, பிள்ளைகள் தலையெடுத்ததும் இரண்டாவது, பேரப்பிள்ளைகள் காலத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மூன்றாவது. அதுவரை வாய்ச்சொல்லே விளம்பரமாக இருந்தது. இப்போது இணைய விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்க இக்குடும்பங்கள் தயங்குவதில்லை. ஆயினும் உறவினர் ஒருவரின் மூன்று கிளைகளுக்கு இந்த வேலையைச் சில ஆண்டுகள் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான தவறுகள் விளம்பரம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதலாவது, முகவரி. டிசம்பர் விடுமுறையில் ஜோகானஸ்பர்க் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக டர்பன் கடற்கரைக்கு வருவார்கள். அப்படி ஒரு மாலையில், ஜி.பி. (ஜோகானஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணம்) என்று முடியும் எண்பலகையுடன் ஒரு கார் எங்கள் பழைய கடையின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றதைப் பார்த்தேன். கடை இரண்டு தெரு தள்ளிப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கூகுள் வரைபடத்தில் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓட்டி வந்தவர் கைப்பேசியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த கோழி வறுவல் கடைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனார். அதே வாரம் நாங்கள் ஃபேஸ்புக் விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பதிவு, சரியான தொலைபேசி எண், பொது விடுமுறை நேரம் ஆகியவற்றைச் செலவில்லாமலே திருத்தலாம். விளம்பரம் அதற்குப் பிறகுதான்.

படங்களில் நடக்கும் தவறு சிறியது, ஆனால் உடனே கண்ணில் படும். டர்பன் பிரியாணியில் மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் இருக்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். இணையத்தில் கிடைத்த ஐதராபாத் பிரியாணிப் படத்தைப் போட்டால், அது இந்தக் கடையில் சமைத்தது அன்று என்பதை எவரும் கண்டுகொள்வார்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பனி சௌவுக்கும் இது பொருந்தும். (பன்னி என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் வேறு பொருள் கொள்வார் என்பதால் பனி என்றே எழுதுகிறேன்.) உள்ளூர்க்காரர் 'கால் மட்டன்' (கால் பங்கு ரொட்டியில் ஆட்டிறைச்சிக் குழம்பு) என்று மட்டும் சொல்வார்; வெளியூர்க்காரரோ முழுப் பெயரைத் தட்டித் தேடுவார். பட்டியலில் இரண்டு வழக்கும் இருக்க வேண்டும்.

நாள்காட்டியைப் பார்க்காமல் விளம்பரம் செய்வதை நான் இன்னும் பெரிய தவறாகக் கருதுகிறேன். புரட்டாசி மாதம் முழுவதும் இறைச்சியைத் தொடாத குடும்பங்கள் டர்பனில் ஏராளம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அவர்களுடைய கைப்பேசிக்கே ஆட்டிறைச்சிச் சலுகையை அனுப்பும் கடைகள் உண்டு. எங்களுடையதும் ஒரு முறை அனுப்பியது. அம்மாதத்தில் அவர்கள் தேடுவது பீன்ஸ் குழம்பு நிறைத்த ரொட்டியும் கீரையும் பருப்பும்தான். அதைவிட முக்கியமாக, மரக்கறிக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி உண்டா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் ஆறு நாள் பதிலின்றிக் கிடந்தது. சமையலறையில் மரக்கறி அடுப்பு தனியாகத்தான் இருந்தது. அதைப் படமெடுத்துப் போட ஒரு நிமிடம் போதும். சான்றிதழ் பெறாமல் ஹலால் முத்திரையைப் படத்தில் ஒட்டுவது வேறு வகைக் குற்றம். அது நம்பிக்கையையும் கெடுக்கும், சட்டச் சிக்கலையும் கொண்டுவரும்.

தொலைபேசி எண்கள் விஷயத்தில் நம்மவர்கள் மிகவும் தாராளம். கோவிட் காலத்தில் வாசலில் வைத்த வருகைப் பதிவேட்டிலிருந்தும், கல்யாணச் சாப்பாட்டு ஆர்டர் புத்தகத்திலிருந்தும் எண்களை எடுத்து வாட்ஸாப்பில் சேர்த்தவர்களை நான் அறிவேன். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் அல்லாதவருக்கு ஒப்புதலின்றி மின்னணு விளம்பரம் அனுப்பக் கூடாது என்றும், அந்த ஒப்புதலை ஒரு முறைதான் கேட்கலாம் என்றும் அதன் 69ஆம் பிரிவு சொல்கிறது. வாடிக்கையாளருக்கு அனுப்பினாலும், வேண்டாம் என்று சொல்லும் வழி ஒவ்வொரு செய்தியிலும் இருக்க வேண்டும். சட்டத்தை விட்டுவிட்டாலும் அந்த உழைப்பு வீண்தான்: வாட்ஸாப் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். கல்லாவுக்கு அருகே 'எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஓர் அட்டை வைப்பது அதைவிடப் பலன் தந்தது.

மதிப்புரைகளில் சொந்தக்காரர்கள் ஒரே இரவில் ஐந்து நட்சத்திரம் போடுவது கூகுள் விதிகளுக்கு முரணானது. பார்ப்பவருக்கும் சிரிப்பு வரும். கோவெண்டர், பிள்ளை என்னும் குடும்பப் பெயர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருப்பதால், உண்மையான வாடிக்கையாளர் எழுதியதையும் சொந்தக்காரர் எழுதியது என்று எண்ணிவிடுவார்கள் என்பதுதான் வேடிக்கை. குறை சொன்னவருக்கு நள்ளிரவில் கோபமாகப் பதில் எழுதும் சித்தப்பாவைத் தடுப்பது கடினம். கடவுச்சொல்லை அவரிடம் கொடுக்காமல் இருப்பது எளிது.

கடவுச்சொல் என்றதும், குடும்பத் தொழிலுக்கே உரிய பெருந்தவறு நினைவுக்கு வருகிறது. பக்கத்தைத் தொடங்கியது அண்ணன் மகன். அவன் வெளிநாட்டில் வேலைக்குப் போனபோது நிர்வாக உரிமையும் அவனுடனேயே போய்விட்டது. இதைவிட மோசம், சகோதரர்கள் பிரியும்போது கடையின் பெயரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பின்தொடர்பவர்களும் யாருக்கு என்ற சண்டை. ஆகவே பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் வேண்டும், இணைய முகவரி தனிமனிதர் பெயரில் இல்லாமல் நிறுவனத்தின் பெயரில் பதிவாக வேண்டும், கடைப் பெயரை வணிகக் குறியாகச் சிஐபிசியில் (நிறுவனங்களையும் வணிகக் குறிகளையும் பதியும் அரசு அமைப்பு) பதிய வேண்டும். அந்தப் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். இவை அனைத்தையும் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடும் காலத்திலேயே செய்துவிட வேண்டும்.

ஊபர் ஈட்ஸ், மிஸ்டர் டி போன்ற உணவு விநியோகச் செயலிகளின் தரகுத் தொகைக்காக அங்கே விலையை உயர்த்தி வைப்பது பலரது வழக்கம். அதை ஒளிப்பதுதான் தவறு. நேரில் வந்து எடுத்துக்கொண்டால் கடை விலைதான் என்பதைத் தம் பக்கத்தில் தெளிவாக எழுதலாம். பழைய விலைப்பட்டியல் ஏதாவது ஒரு கிளையின் பக்கத்தில் கிடக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். காட்டிய விலைக்கு மேல் கேட்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் அந்த விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும்.