சின்சில்லாவுக்குக் கண்ணில் நீர் வடிந்தால்

வீட்டில் வளர்க்கும் சின்சில்லாவை (அடர்ந்த மென்முடியுள்ள சிறு கொறிக்கும் பிராணி) காலையில் பார்த்தால் ஒரு கண் மூடியிருக்கிறது, கீழே முடி நனைந்து திரித்திரியாக ஒட்டியிருக்கிறது. அவசரப்பட்டு விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதையும் விடாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே போய்விடும்.

1. டஸ்ட் பாத் (முடியைச் சுத்தமாக்க அது புரளும் நுண்தூள்) டப்பாவை வெளியே எடுங்கள். கண் ஆறும்வரை கிடையாது.

2. எந்தக் கண் என்று பாருங்கள். இரண்டும் சிவந்திருந்தால் பெரும்பாலும் தூள், புகை, அல்லது மாற்றாத படுக்கையின் மூத்திர நெடி. எண்ணூர் பக்கம் லாரி ஓடும் சாலையைப் பார்த்த ஜன்னலோரம் கூண்டு வைக்கக் கூடாது. கொசுவத்தி, சாம்பிராணி, போகிப் புகைக்கும் இதே கதைதான். ஒரு கண் மட்டும் என்றால் புல் குத்தியிருக்கலாம், பல்லாகவும் இருக்கலாம்.

3. மருந்துக்கடையில் 0.9% நார்மல் சலைன் வாங்குங்கள். பாட்டிலை உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்குங்கள். பிராணியைத் துண்டில் தளர்வாகச் சுற்றுங்கள். முடியைப் பிடித்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும், மார்பை இறுக்கினால் மூச்சு முட்டும். சலைனில் நனைத்த காஸ் துணியைப் பொருக்கின் மேல் ஒரு நிமிடம் வைத்திருங்கள், இளகியதும் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. பொருக்கைப் பிய்க்காதீர்கள். அடுத்த கண்ணுக்கு வேறு துணி. பஞ்சு வேண்டாம், இழை உள்ளே தங்கிவிடும். கடைசியில் ஈர முடியை ஒற்றி உலர்த்துங்கள்.

4. பல்லைச் சந்தேகப்படுங்கள். புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சின்சில்லாவின் பல் ஆயுள் முழுக்க வளரும். தேயாவிட்டால் மேல் பல்லின் வேர் மேலே ஏறி, கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாயை அழுத்தும். நீர் வெளியே வழியும். தாடை ஈரம், டிமோத்தி புல்லை (தீனியாகப் போடும் உலர்புல்) ஒதுக்கிவிட்டுப் பெல்லட் (அழுத்திச் செய்த தீனிக் குச்சி) மட்டும் தின்பது, கீழ்த்தாடையில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு ஆகியவை அதன் அடையாளம். சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள். 500 கிராம் 450 ஆகிவிட்டால் கண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை, மண்டை எக்ஸ்ரே வேண்டும்.

5. மஞ்சள் சீழ், கருவிழியில் வெள்ளைத் திட்டு, வீங்கிய கண், தீனி நிறுத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டர். வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை பக்கம். கண்ணில் சாயம் விட்டுப் புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சின்சில்லாவின் குடலைக் கெடுக்கும் என்பதையும் நினைவூட்டுங்கள். நாய், பூனையையே தினமும் பார்ப்பவருக்குச் சட்டென்று தோன்றாமல் போகலாம். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். 25 டிகிரிக்கு மேல் அதற்குத் தாங்காது, எனவே துணி சுற்றிய ஐஸ் பாட்டிலைப் பெட்டிக்குள் வையுங்கள்.

குணமானபின் வாரம் 2 அல்லது 3 முறை, 10 நிமிடம் டஸ்ட் பாத், உடனே டப்பாவை எடுத்துவிட வேண்டும். காசிமேட்டுக் கடல் மணலும் டால்கம் பவுடரும் அதற்கு மாற்றாகாது; மணல் கண்ணைக் கீறும், பவுடர் மூச்சில் ஏறும்.