புல்லில் வையுங்கள், சிமெண்டில் வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம் பாதி சிமெண்டு, பாதி புல். புதிதாக வாங்கிய டெலஸ்கோப்பைச் சேறு படாமல் சிமெண்டில்தான் வைத்தேன். பகல் வெயிலைக் குடித்த தரை ராத்திரி பத்து மணி வரை அனல் விடும். வியாழன் கொதிக்கிற ரசத்தில் மிதக்கும் தக்காளி மாதிரி நெளிந்தது. மூன்று மாதம் விற்றவனைத் திட்டினேன். ஒரு நாள் புல்லுக்கு மாற்றினேன், அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேலாகக் குறி வைத்தாலும் இதே நெளிவுதான்.

என்னுடையது ஆறு அங்குலக் கண்ணாடி உள்ள டாப்சோனியன், அதாவது கையால் தள்ளித் திருப்பும் எளிய தாங்கியில் நிற்கும் டெலஸ்கோப். குவியத்தூரம், அதாவது கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம், 1200 மி.மீ. அதை ஐபீஸின் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸின்) மி.மீ. அளவால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகும் என்று தெரியும். 25 மி.மீ. போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120. தேடுவதற்கு 25, பிடித்த பிறகு 10. 120 மடங்கில் பூமி சுற்றுகிற வேகம் தெரியும்: ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல், கோள் பார்வை வட்டத்தைத் தாண்டி ஓடிவிடும். குழாயை மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைப் பக்கம் இருப்பதால் கோள்கள் உச்சந்தலைக்கு ஏறும். அங்கே டாப்சோனியனைத் திருப்புவது கழுத்துக்கும் கைக்கும் தண்டனை. ஓரிரு மணி நேரம் சரியவிட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வைத்ததும் கண்ணை வைக்காதீர்கள். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும். சாப்பிட்டுவிட்டு வரலாம். புகைமூட்டம் இருந்தால் தூங்கப் போகலாம். எனக்குப் பிடித்தது விடிகாலை நான்கரை. அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பிய நேரம் அது. மேகமும் பனியும் விட்டுவைத்தால் காற்று அசையாமல் நிற்கும், வியாழனின் இரண்டு பழுப்புப் பட்டைகளும் கோடு கிழித்தது போலத் தெரியும். பனி இறங்கி ஐபீஸ் மங்கினால் சட்டை நுனியால் தேய்க்காதீர்கள், தலைமுடி காயவைக்கும் மெஷினில் லேசாகச் சூடு காட்டுங்கள்.

சனிக்குப் பக்கத்தில் அதன் நிலவு டைட்டன் தெரியும், ஆனால் வளையத்தின் அகலம் போல் நான்கைந்து மடங்கு தள்ளிக்கூட நிற்கும். பலர் நட்சத்திரம் என்று விட்டுவிடுகிறார்கள். 16 நாளில் ஒரு சுற்று. செவ்வாயின் நிலவுகளை இந்தக் குழாயில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வியாழனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நடுவில் வட்டம், இருபக்கமும் அதன் நான்கு பெரிய நிலவுகளுக்குப் புள்ளிகள், மேலே தேதி, மணி. கலிலியோ 1610 ஜனவரியில் செய்ததும் இதைத்தான். பிம்பம் தலைகீழாக விழும், அப்படியே வரையுங்கள். அயோ சுற்றி வர 42 மணி நேரம்தான், யுரோப்பாவுக்கு மூன்றரை நாள், கனிமீடுக்கு ஏழு, கலிஸ்டோவுக்குப் பதினேழுக்குச் சற்றுக் குறைவு. வியாழனைக் குறுக்கே கடக்கையில் அயோ ஒரு மணி நேரத்தில் கோளின் பாதி அகலம் நகர்ந்துவிடும்.

பேத்தி அதை 'ஐயோ' என்றுதான் கூப்பிடுவாள். போன வாரம் மூன்று புள்ளி போட்டுவிட்டு, "தாத்தா, ஐயோவைக் காணோம்" என்றாள். வியாழனின் நிழலுக்குள் போயிருக்கும் என்றேன். நம்பவில்லை. எரிந்துகொண்டிருந்த கொசுவத்தி முடியும் வரை அவளே ஐபீஸில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். கோளின் விளிம்பை விட்டு விலகி, வெறும் இருட்டிலிருந்து ஒரு புள்ளி மெல்ல ஏறியது. நோட்டில் நான்காவது புள்ளியை வைத்து, பக்கத்தில் மணியை எழுதினாள்: 5.10.