மலையகத்தில் வீட்டை மழையில் பார்த்து வாங்குங்கள்
இலங்கையின் மலையகத்தில் வீடு வாங்க முற்பணம் கொடுக்குமுன், கடும் மழை நாளொன்றில் அதை நேரில் பாருங்கள்; ஹட்டன் பக்கமெனில் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கமெனில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையும் பருவமழைக் காலம். வெயிலில் புதுப் பூச்சுக்குள் மறைந்திருக்கும் சுவர் வெடிப்பும், பின்மேட்டில் வறண்டு கிடக்கும் ஊற்றும் மழையில்தான் வெளிப்படும். புதிதாகத் தோன்றும் வெடிப்பும், திடீரெனக் கலங்கி வரும் ஊற்றுநீரும் மண்சரிவின் முன்னறிகுறிகள். வேறு ஆட்கள் கேட்கிறார்கள் என்று தரகர் அவசரப்படுத்தினாலும், 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் குடியிருப்புகளைப் புதைத்த மண்சரிவை நினைத்தால், சில வாரக் காத்திருப்பு பெரிதல்ல. உண்மையிலேயே காத்திருக்க முடியாதபோது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவிலிருந்து நன்கு விலகிச் சமதரையில் உள்ள வீட்டுக்கு இந்த மழைக் காத்திருப்பு பொருந்தாது. அங்கே காணி உறுதியைச் சரிபார்த்ததும் முடிவெடுக்கலாம்.