தேர்தல் அறிவித்தால் வீட்டுத் துப்பாக்கியை என்ன செய்வது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பயிர்க் காவலுக்கோ தற்காப்புக்கோ உரிமம் எடுத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு முதல் விஷயம்: கட்சிக் கூட்டத்துக்குத் துப்பாக்கி போகவே கூடாது. தேர்தல் இல்லாத நாளிலும் இதே விதிதான். தலைவர் வருகிறார், மேடைக்குக் காவலாக நில்லுங்கள் என்று யார் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். அது போலீஸ் வேலை. நெரிசலில் ஒருவர் தோள் இடித்தால் போதும், குழல் யார் பக்கம் திரும்பும் என்று உங்களால் சொல்ல முடியாது. பிறர் உயிருக்கு ஆபத்தாகும்படி கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவது, 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடிக்கு அருகே ஆயுதத்தோடு போனால் சிறை அல்லது அபராதத்தோடு முடியாது. ஆயுதமும் பறிமுதல், உரிமமும் ரத்து.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் மாவட்ட நிர்வாகம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லும். உயிருக்கு மிரட்டல் போன்ற காரணத்தால் விலக்கு வேண்டுமானால், கெடு முடியும் முன்பே காரணத்தோடு கலெக்டருக்கு எழுதுங்கள். பதில் வராததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒப்படைக்கும் முன் துடைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 முடிவு. முடிவு வந்து ஒரு வாரம் கழித்தே ஆயுதம் திரும்பும் என்பதால், ஏறக்குறைய மூன்று மாதம் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கும். வேதாரண்யம், நாகை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றே துருவுக்குப் போதும். ஒற்றைக் குழலோ இரட்டைக் குழலோ, முதலில் மடக்கித் திறந்து தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு கம்பியில் துணி சுற்றிக் கரி போகும்வரை குழலைத் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். வழிய வழிய விட்டால் தூசி ஒட்டும், மரக் கட்டையும் ஊறும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும், வேண்டாம். பிளாஸ்டிக் பையும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, பெயர், உரிம எண், துப்பாக்கி எண் எழுதிய அட்டையைக் கட்டுங்கள்.

ஸ்டேஷன் ரைட்டர் (எழுத்து வேலை பார்க்கும் காவலர்) இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு பகலில் போங்கள். குழலைக் கழற்றி, கொண்டுபோகும்போது மட்டும் உறையில் வையுங்கள். தோட்டா தனிப் பையில், உரிமப் புத்தகம் கையோடு. வழியில் ஊர்வலம் வந்தால் வேறு தெருவில் சுற்றிப் போங்கள். ரசீதில் துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, இப்போதிருக்கும் கீறல், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். "அப்புறம் வாங்கிக்குங்க" என்றால் வாங்கும்வரை காத்திருங்கள். ரசீது கையில் இல்லாமல் துப்பாக்கி எங்கே என்ற கேள்வி வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அந்த மாதங்களில் உரிமம் காலாவதி ஆகிறதா என்றும் பாருங்கள். துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தாலும் புதுப்பிக்கும் கெடு நிற்காது.

திரும்ப வாங்கும்போது எண் ஒத்துப்போன பிறகே கையெழுத்து. வீட்டுக்கு வந்ததும் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முனைவரை பாருங்கள். நம் பக்கத்துக் குளவி, திறந்து கிடக்கும் குழலில் மண்கூடு கட்டிவிடும். அடைப்போடு சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். சுட்டுத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கம்பியால் தள்ளி எடுங்கள். வராவிட்டால் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் கொடுங்கள்.