போடிமெட்டு இறக்கமும் நம்மூர் டிரைவர்களும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளின் கடைசி வாரங்களில் எங்கள் பக்கத்துப் பையன்கள் கிடைத்த வண்டியை எடுத்துக்கொண்டு மூணாறு கிளம்பிவிடுவார்கள். தொண்டியையும் கொச்சியையும் இணைக்கும் 85ஆம் எண் நெடுஞ்சாலையே மதுரை, தேனி, போடி வழியாக மலையேறிவிடுவதால் வழி கேட்கும் வேலையும் இல்லை. வேன் ஓட்டுகிற எனக்கு மட்டும் வருஷம் தவறாமல் போன் வரும்: "அண்ணே, பிரேக்கு பிடிக்கல."

டயர் காற்று, ஸ்டெப்னி எல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

இறக்கத்தில் நியூட்ரல்

நம் கடற்கரையில் மேடு என்றால் பாம்பன் பாலம்தான். அதில் நியூட்ரல் போட்டு இறங்கிப் பழகிய கை, 17 கொண்டை ஊசி வளைவு உள்ள போடிமெட்டிலும் அதையே செய்கிறது. நானும் செய்தவன்தான். பாதி மலை இறங்கியதும் ஏதோ கருகுகிற நாற்றம். முன்னால் போகும் லாரி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போய்விட்டது. கியரைத் திணித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலையோரச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கித்தான் வண்டி நின்றது. பின் சீட்டில் தூங்கிய பாட்டி, "ஊரு வந்துருச்சா?" என்றார். அதற்குள் கிளீனர் பையன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கொதிக்கிற பிரேக் டிஸ்கில் தண்ணீரை ஊற்ற, டிஸ்க் கோணிக்கொண்டது. அந்த சீசன் சம்பாத்தியம் ஒர்க் ஷாப்புக்கே போனது.

கியரில் இறங்கினால் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்த பாரமும் பிரேக் தலையில். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாகும். இந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 என்கிற ரக ஆயில் புதிதில் 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் 140 தாங்கினாலே பெரிது. நம்மூர்க் காற்று எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டுமா? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

சிலர் சாவியையே அணைத்துவிட்டு இறங்குவார்கள். இரண்டு மூன்று மிதியில், பிரேக்குக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் காலி. ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிடும்.

எனக்கு எரிச்சலே வேறு விஷயத்தில். இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால், எஞ்சினுக்குள் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் டீசலே விடாது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்கென்று குடிக்கும். ஆக, டீசலும் மிச்சமில்லை! சொன்னால், "எங்க மாமா இருபது வருஷமா இப்படித்தான் ஓட்டுறாரு" என்பார்கள். அந்த மாமாவுக்குப் பாம்பனைத் தாண்டி மேடு தெரியாது.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

வழி

ஒடுங்கிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நில்லுங்கள்.

வைப்பர்

ஊரில் வெயில் கொளுத்தும்போதே மேலே தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும். வெயிலில் காய்ந்து விறைத்த ரப்பரை ஊரிலேயே மாற்றுங்கள்.

கருவாடு

மூணாறில் இருக்கும் சொந்தக்காரருக்கா? கேரியரில் கட்டுங்கள். வேனுக்குள் வேண்டாம்.