உப்புச் சுவரில் வரையாதீர்கள்: கடற்கரை முகாமில் ஊரோடு சேர்ந்து ஒரு பெரிய ஓவியம்

மட்டக்களப்பில், கல்குடாப் பக்கம் எங்கள் தென்னந்தோட்டத்தில் கூடாரம் அடிக்க இடம் கொடுக்கிறோம். கரவன் வண்டி இரண்டும் நிற்கலாம். வீதியோர மதில் வெறும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஊர்ப்பிள்ளைகளும் தங்க வருகிறவர்களும் சேர்ந்து அதில் வரையட்டுமே என்று ஆசைப்பட்டு, மாசியில் தொடங்கி பங்குனியில் முடித்தோம். ஆனியில் பார்த்தால் சொறி பிடித்த நாய் மாதிரி நிற்கிறது மதில். கடல் நீலம் முழுக்க ஏடு ஏடாக உரிந்து, உள்ளே மாவு மாதிரி வெள்ளைப் பூ.

அதைச் சரிக்கட்டிய கதைதான் இந்தச் செய்முறை. தூரிகை பிடிப்பது, நிறம் கலப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டை எடுத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடா போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். 24 மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். பின்னால் வியர்த்திருந்தாலோ, சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. வெள்ளைப் பூ இருந்தால் விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். என் மனைவி சிரித்தாள், ஆனால் வேறு எந்தக் கருவியும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லவில்லை. கரித்தது.

கடற்கரை மணலைக் கழுவாமல் பூசிய மதில் எங்களுடையது. உப்பு வெளியே ஒட்டியிருந்தால் கழுவலாம். சாந்துக்குள்ளேயே இருந்தால் என்ன செய்வது? காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் திரும்பவும் பளிங்காகும். நம் கரையில் இரவு முழுக்கக் கரைந்து கிடக்கிற உப்பு, பகலில் வறண்ட கச்சான் காற்று அடித்ததும் பூக்கிறது. பூக்கும் ஒவ்வொரு தடவையும் பெயின்றை உள்ளிருந்து நெம்பும். "இன்னொரு கோட் அடிங்க, அடங்கும்" என்று கடையில் சொன்னார்கள். அடித்தேன். இன்னும் தடித்த ஏடாக உரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே என் முடிவு: சுவரை விடுங்கள், பலகையில் வரைந்து சுவரில் தொங்கவிடுங்கள். அந்த மதிலை இடித்துப் புதிதாகக் கட்டலாமே என்று நினைக்கிறவர்களுக்கு: இலங்கைச் சட்டப்படி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். கரையோரம் பேணல் திணைக்களத்திடம் கேட்காமல் கல் வைக்க வேண்டாம்.

பலகை

எட்டுக்கு நாலு அடி சீமெந்து நார்ப் பலகை, 6 மில்லிமீற்றர் தடிப்பு, 3 வாங்கினேன். ஒவ்வொன்றையும் இரண்டுக்கு இரண்டாக வெட்டினால் மொத்தம் 24 துண்டு. அகலத்துக்கு எட்டு, உயரத்துக்கு மூன்று என்று அடுக்கினால் 16 அடிக்கு 6 அடி ஓவியம். வெட்டும்போது தண்ணீர் தெளியுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளைத் தூர அனுப்புங்கள். அஸ்பெஸ்டஸ் வாங்கவில்லைத்தானே என்று பலகையின் பெயரைப் படித்து உறுதிப்படுத்துங்கள். வீட்டுக் கூரையில் மிஞ்சிய பழைய அஸ்பெஸ்டஸ் தகடு வீட்டுக்குப் பின்னால் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். அதைத் தொடவே கூடாது. வெட்டினால் பறக்கிற தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

வெட்டிய விளிம்புகளுக்கும் பின்பக்கத்துக்கும் சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிரைமர் அடியுங்கள். முன்பக்கத்தை யாரும் மறப்பதில்லை, விளிம்பைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

என்ன வரைவது

பாடுமீன் வேண்டாம். மட்டக்களப்பில் பாடுமீன் இல்லாத மதிலைக் காட்டினால் தேத்தண்ணி வாங்கித் தருகிறேன். "என்ன வரையலாம்?" என்று கூட்டத்தில் கேட்டால் பாடுமீனும் தாமரையும்தான் வரும். நான் கேள்வியை மாற்றினேன்: கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது கண்ணுக்கு முதலில் என்ன தெரியும்? அதற்குத்தான் வாய்கள் திறந்தன. நான் கீறிக்கொண்டு போன மாதிரிப்படத்தைப் பார்த்து ஒரு மூத்தவர், "என்ன மனே இது, மடி இப்பிடியா கிடக்கும்? மீன் எல்லாம் ஓடிரும்" என்றார். மடி என்றால் வலையில் மீன் சேரும் பை. வெண்கட்டியை அவர் கையில் கொடுத்தேன். வலையும் தோணியும் தண்டும் அவர் கீறியவை.

என்னை மறுபடி விழுத்திய இடம்

மாதிரிப்படத்தில் 24 கட்டம் போட்டு, ஒவ்வொரு பலகையிலும் அதற்குரிய கட்டத்தைப் பெருப்பித்துக் கீறிக் கொடுத்தோம். முதல் தடவை சேர்த்துப் பார்த்தால் கடல் படிக்கட்டாக இறங்கியது! ஒவ்வொரு குடும்பமும் தன் பலகையில் அடிவானத்தைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே தள்ளியிருந்தது. ஒரு மீன் தலைகீழாக நீந்தியது. இப்போது இப்படிச் செய்கிறேன்:

1. பலகைகளை வெட்டியதும் தரையில் அடுக்கி, நூல் பிடித்து முழுக் கோடுகளையும் ஒரே தடவையில் கீறுங்கள். பிறகுதான் பிரியுங்கள்.
2. பின்பக்கம் இலக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போடுங்கள். அம்புக்குறி இல்லாத இலக்கம் பயனில்லை.
3. விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்தை யாரும் நிறம் தீட்டாமல் விடட்டும். கடைசி நாள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, அந்தப் பட்டையை மட்டும் ஒரே கை தீட்டட்டும்.

பலகையாக மாறியதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. வீதியோரம் நின்று வரையக் கூச்சப்பட்ட பெண்கள், பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்து வரைந்தார்கள். மதிலில் வரைந்தபோது அவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

பெயின்ற்

வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் வெள்ளை 4 லீற்றர், கலந்துகொள்ளச் சிறு போத்தல் நிறங்கள். எனாமல் எனக்குப் பிடிக்காது. தின்னரோடு பிள்ளைகளை உட்காரவைக்க முடியாது. காவி, மஞ்சள் மண் போன்ற ஒக்சைட் நிறங்கள் வெயிலுக்கு நிற்கும். பளிச்சென்ற ரோஸ்தான் முதலில் வெளிறியது. பிள்ளைகள் கேட்பதும் அதைத்தான். காலை ஒன்பதுக்குள் அல்லது பின்னேரம் நாலுக்குப் பிறகு தீட்டுங்கள். கச்சானில் பெயின்ற் தூரிகையிலேயே காய்ந்துவிடும். வைகாசியில் அம்மன் சடங்குக் கிழமையில் யாரையும் கூப்பிட வேண்டாம், வரமாட்டார்கள். தூரிகை கழுவிய தண்ணீர் கடலுக்கோ களப்புக்கோ போகக் கூடாது. வாளியில் அடையவிட்டு, அடியில் தங்குவதைக் காயவைத்துக் குப்பையில் போடுகிறோம்.

தொங்கவிடுவது

மதிலில் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் பலகை. பின்னால் ஒரு விரல் இடைவெளி இருந்தால் காற்று ஓடும், மதிலின் உப்பு படத்தைத் தொடாது.

பின்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், இதேபோலச் செய்ததில் திருகாணிகளிலிருந்து பழுப்புக் கண்ணீர் வடிவதாகப் படம் அனுப்பியிருந்தார். சாதாரணத் திருகாணி கடற்கரையில் நிற்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அதிலும் 316 தரம் கிடைத்தால் நல்லது, 304 கடற்காற்றில் மெல்ல மெல்லப் பழுப்படிக்கும். திருகாணியின் மரைக்குக் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள், ஏனென்றால் ஐப்பசிக் கடைசியில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மாரி முடியும்வரை பலகைகளை அவரவர் வீட்டில்தான் வைக்கிறோம்.

இந்த முறை 23தான் திரும்பி வந்தன. 17ஆம் இலக்கத்தை வரைந்த மூத்தம்மா அதைத் தன் வாசற்கதவுக்கு மேலே அடித்துவிட்டார், கேட்டால் தருகிற யோசனையும் இல்லை. வலையின் நடுவில் ஒரு சதுரம் வெறும் மதிலாகத் தெரிகிறது. புதுப்பலகை வெட்டி வைத்திருக்கிறேன்.