ரிப்போர்ட் சரியாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடுமா?

இரவு பதினொரு மணி. அவசரப் பிரிவுக் கட்டிலில் சித்தி மகளுக்குக் கைகால்கள் உதறிக்கொண்டிருந்தன. கண்களை இறுக மூடியிருந்தாள். சித்தி அவள் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்திருந்தார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சரி. "ஒன்றுமில்லை, நடிக்கிறாள், வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார் பணியில் இருந்த மருத்துவர்.

முதல் தவறு அந்த 'ஒன்றுமில்லை'தான். அவளுக்கு வந்தது செயல்பாட்டு வலிப்பு. காக்காய் வலிப்பில் மூளையின் மின்னோட்டம் தாறுமாறாகும். இதில் அப்படி ஆகாது. ஆனாலும் இதை யாரும் வேண்டுமென்றே வரவழைப்பதில்லை. உதறல் வரும் நேரத்திலேயே வீடியோவுடன் இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் பரிசோதனை) எடுத்தால் வேறுபாடு தெரியும். மற்ற நேரத்து இ.இ.ஜி. சரியாக இருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சாவியால் எந்த வலிப்பும் நிற்காது. அந்த நேரத்தில் செல்பேசியில் படம்பிடித்து வைத்தால் நரம்பியல் மருத்துவருக்குப் பேருதவி. இருவகை வலிப்பும் ஒருவருக்கே வரலாம் என்பதால், ஏற்கெனவே எழுதித் தந்த வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது.

எல்லா நோயையும் விலக்கிவிட்டு, கடைசியில் மிஞ்சுவதற்கு ஒட்டும் பெயர் இது என்று நினைப்பது அடுத்த தவறு. நேரடி அடையாளங்கள் உண்டு. வலிப்பு மட்டுமல்ல, கால் செயலிழப்பும் இதே வகைக் கோளாறாக வரலாம். அப்படி ஒரு கால் செயலிழந்தவரை மல்லாந்து படுக்க வைத்து, அந்தக் குதிகாலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் முடியாது. நல்ல காலை, நம் கை கீழே அழுத்துவதை எதிர்த்துத் தூக்கச் சொல்லுங்கள். முடியாத காலின் குதிகால் தானாகவே மெத்தையில் அழுந்தும். 1908இல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த சோதனை இது. நோயாளியிடமே இதைக் காட்டி, 'உங்கள் நரம்புப் பாதை அறுந்துபோகவில்லை, அதை இயக்கும் விதம் தடுமாறுகிறது' என்று விளக்கினால், சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

ரிப்போர்ட் சரி என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பது நாள்பட்ட வலி, சோர்வு, படபடப்பு போன்றவற்றுக்கும் பொருந்தும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோயறிதல் கையேடு, 'காரணம் தெரியாத அறிகுறி' என்ற நிபந்தனையையே உடல் அறிகுறிக் கோளாற்றிலிருந்து எடுத்துவிட்டது. அறிகுறியைப் பற்றிய அளவு மீறிய பயமும் சிந்தனையும் வாழ்க்கையை முடக்குகின்றனவா என்பதே இப்போது கேள்வி. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவருக்கும் இது வரலாம்.

மருத்துவமனை மாற்றி மருத்துவமனை அலைந்து புதிது புதிதாக ஸ்கேன் எடுப்பதால் பணம்தான் கரையும். பயம் சில நாள் தணிந்து மீண்டும் வரும். ஒரே மருத்துவரிடம் குறித்த இடைவெளியில் போவது நல்லது. பேச்சுவழிச் சிகிச்சையும் பிசியோதெரபியும் பலருக்குக் கைகொடுக்கின்றன. மனநல மருத்துவரிடம் எப்படிப் போவது என்று தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் வாய்விட்டுக்கூடச் சொல்லாதீர்கள். இன்னொரு வீட்டில், அறியாத மனிதர்கள் நடுவே முதல் உதறல் வரும்போது அந்தப் பெண்ணின் நிலை என்னவாகும்?

கடைசித் தவறு நாங்கள் செய்தது. சிகிச்சையில் உதறல் வெகுவாகக் குறைந்திருந்த நேரம், அவளுக்கு வயிற்றுவலி வந்தது. 'இதுவும் அதுதான்' என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இரண்டு நாள் ஓட்டினோம். மூன்றாம் நாள் காய்ச்சலோடு கொண்டுபோனபோது குடல்வால் வீங்கியிருந்தது. அன்று இரவே அறுவை சிகிச்சை.